கஷ்டத்தில் வளர்ந்தவர்தான் ஏழைப் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியரா?

கேள்வி, 11 ஜூன் 2023 (பட்டுக்கோட்டைப் பக்கத்து வாசகர்)

பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வும் (டெட்) எழுதிவிட்டுக் காத்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர் வசதியான வீட்டுக்காரர். பிள்ளைகள் ஏன் நடவு நாளில் வருவதில்லை என்பதே அவருக்குப் புரியவில்லை. கூலி வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் கூலி வீட்டிலிருந்து படித்து வந்தவர்களைத்தான் போட வேண்டும் என்கிறேன். பசித்தவனுக்குத்தான் பசி தெரியும். யாராவது மறுப்பீர்களா?

13 ஜூன் 2023

நான் மறுக்கிறேன் தம்பி. இருபத்தாறு வருடமாகக் கடைமடைப் பள்ளிகளில்தான் வேலை, இப்போது ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர். நீங்கள் சொல்கிற தகுதி எனக்கு முழுசாக உண்டு. அம்மா நடவு ஆள். அப்பா பண்ணையில் மாடு பார்த்தார். 1982 ஜூலையில் சத்துணவு தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. அதுவரை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தவளை, "மத்தியானம் சோறு போடுறாங்களாம், போய் உட்காரு" என்று அம்மா அனுப்பிவைத்தார். சோற்றுக்காகத்தான் பள்ளிக்குப் போனேன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

எனக்கு வாய்த்த இரண்டு ஆசிரியர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் எங்களைப் போலவே ஒரு கூலித் தெருவில் பிறந்து, சிம்னி விளக்கில் படித்து மேலே வந்தவர். அவரிடம்தான் அதிகம் அடி வாங்கினோம். நடவுக்குப் போய்விட்டு மறுநாள் போய் நின்றால், "நான் மட்டும் சேற்றைப் பார்க்காமலா வந்தேன்? நான் படிக்கலையா?" என்பார். அதற்கு எங்களிடம் பதில் கிடையாது. இன்னொருவர் எட்டு வேலி நிலம் இருந்த வீட்டுப் பிள்ளை, பசி என்றால் என்னவென்று தெரியாத மனிதர். ஐந்தாம் வகுப்பில் நான் நோட்டு இல்லாமல் பக்கத்துப் பெண்ணின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் எப்போது கவனித்தாரோ தெரியாது. ஒரு நாள் மணி அடித்து எல்லோரும் ஓடிய பிறகு என்னைக் கூப்பிட்டு, பழைய நோட்டுகளில் மிச்சமிருந்த வெள்ளைத் தாள்களைச் சேர்த்துச் சாக்குச் சணலால் தைத்த ஒரு நோட்டைக் கொடுத்தார். "தீர்ந்ததும் சொல்லு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

14 ஜூன் 2023

நேற்று எழுதியது ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. அடித்த ஆசிரியரைப் பற்றிப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட அப்பா முடிவு செய்தபோது, வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, "சேர்க்கிறேன்னு சொல்லு, எழுந்திரிக்கிறேன்" என்று இருட்டும் வரை நகராமல் இருந்தவர் அவர்தான். ஆதி திராவிடர் நல விடுதியில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான். இந்தப் பிள்ளைகள் திரும்பவும் பண்ணைக்கே போய்விடுமே என்கிற பயம் அவருக்கு. அந்தப் பயம்தான் அவர் கையில் குச்சியாக இருந்தது.

ஆனாலும் அடி அடிதான். அந்த அடிக்குப் பயந்து நின்றுபோனவர்களில் இருவரை எனக்குத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாலு வருடம் அவர் மாதிரியேதான் இருந்தேன். அதே கேள்வி, அதே குரல், "நான் படிக்கலையா?" ஒரு நாள் களைக்கொட்டோடு வயலிலிருந்து நேராக வந்த ஒரு தாய் வகுப்பு வாசலில் நின்று, "நீங்க ஒருத்தி படிச்சிட்டீங்க டீச்சர். உங்ககூட உட்கார்ந்திருந்த மத்த பிள்ளைங்க எல்லாம் எங்க?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எங்கள் தெருவிலிருந்து ஐந்தாம் வகுப்பில் என்னோடு இருந்தவர்கள் பத்தொன்பது பேர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது நான் ஒருத்திதான். கல்வி உரிமைச் சட்டம் அடிக்கக் கூடாது என்று 2009-இல் சொன்னது, நான் குச்சியைப் போட்டது அதற்கும் எட்டு வருடம் முன்பு, அந்த அம்மாள் கேட்ட அந்த ஒரு கேள்வியால்.

25 ஜூன் 2023

"அப்படியானால் பட்ட கஷ்டத்துக்கு மதிப்பே இல்லையா" என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. எனக்கு அது எங்கே உதவியது என்று சொல்கிறேன்.

உதவித்தொகைக் காசு வரும் நாளில் ஆறாம் வகுப்பு ஆசிரியர் வாசலில் நின்றபடி, "ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எல்லாம் எழுந்து நில்லு" என்பார். யார் எந்தத் தெரு என்பது அந்த ஒரு நிமிடத்தில் வகுப்புக்கே தெரிந்துவிடும். முதல் தடவை எழுந்து நின்றேன். அடுத்த தடவை பாதி எழுந்து, பாவாடையைச் சரிசெய்கிற மாதிரி செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த வருடத்துக் காசு எனக்கு வரவில்லை. அம்மாவிடம், "இந்த வருஷம் கொடுக்கலையாம்" என்று பொய் சொன்னேன்.

இன்று என் பள்ளியில் சான்றிதழ், உதவித்தொகை, வங்கிக் கணக்கு என்று எதற்கும் எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்துவது கிடையாது. வீட்டுக்குப் போய் வாங்குவோம், இல்லாவிட்டால் பெற்றோரைத் தனியாக வரச் சொல்வோம். இதை நான் எந்தப் பயிற்சியிலும் கற்றுக்கொள்ளவில்லை.

2 ஜூலை 2023

பெரிய மனிதர்களில் இப்படி யாராவது உண்டா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நம் மண்ணில் நடமாடியவர் என்றால் கிருஷ்ணம்மாள் ஜெகநாதன். 1926-இல் திண்டுக்கல் பக்கத்து ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து, அந்தக் காலத்திலேயே பட்டம் படித்தவர். 1968-இல் வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களில் 44 பேரை எரித்துக் கொன்றதைக் கேள்விப்பட்டு இங்கே வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். 1981-இல் கணவரோடு சேர்ந்து லாஃப்டி என்கிற, உழுபவருக்கு நிலம் கேட்கும் அமைப்பைத் தொடங்கினார், நிலமில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது, அதுவும் பெண்கள் பெயரில். விடுதிகளும் நடத்தினார்கள். அவரை ஆசிரியர் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டால் நான் சேர்ப்பேன். அம்மா பெயரில் ஒரு ஏக்கர் இருக்கிற பிள்ளையை முன்பணத்துக்காக யாரும் வேலைக்கு இழுத்துக்கொண்டு போக முடியாது. வருகைப் பதிவேட்டில் அந்த வித்தியாசத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தாய் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மரபிலிருந்து தப்பி வந்த சிறுமிகளை மற்ற விடுதிகள் ஏற்க மறுத்தபோது தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார், அங்கிருந்துதான் அவ்வை இல்லம் வளர்ந்தது. மாயவரம் பக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதே சூழலில் வளர்ந்து அதை எதிர்த்து நின்றவர். அவர் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம் 2022-இல் உயர்கல்வித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்து மேலே போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். என் பழைய மாணவிகள் மூன்று பேர் இப்போது வாங்குகிறார்கள், திருவாரூருக்குப் பஸ்ஸில் போய்ப் படிக்கிறார்கள்.

மரியா மாண்டிசோரியையும் சொல்ல வேண்டும். தன் மகனைப் பக்கத்தில் வைத்து வளர்க்க முடியாமல் வேறு குடும்பத்திடம் விட்டிருந்தவர். அந்த ஏக்கம்தான் ரோம் நகரத்து ஏழைப் பிள்ளைகளிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

5 ஜூலை 2023

மாண்டிசோரி பற்றி நான் எழுதிய கடைசி வரி தவறு, ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். மகனைப் பிரிந்திருந்தது உண்மை. ஆனால் ரோமின் சான் லொரென்ஸோ பகுதியில் 1907 ஜனவரியில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் தொடங்கியதற்குக் காரணம் வேறு. பெற்றோர் வேலைக்குப் போனதும் குடியிருப்பில் தனியாக விடப்பட்ட பிள்ளைகள் சுவரைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டட நிர்வாகத்துக்குக் கவலை. பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது, அவரைக் கூப்பிட்டார்கள். அவர் அதற்கு முன்பே மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடு வேலை செய்த மருத்துவர். ஏக்கத்தைக் காரணமாகச் சொன்னது நான் ஒட்டவைத்தது. ஒருவருடைய துக்கத்தை எடுத்து அவர் செய்த வேலைக்குக் காரணமாக மாட்டிவிடுவது எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். என் வகுப்பிலும் இதைத்தான் செய்திருக்கிறேன், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

16 ஜூலை 2023

இன்று கும்பகோணம் நாள். 2004-இல் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிச் சமையலறைக் கீற்றில் பற்றிய தீயில் 94 குழந்தைகள். அன்று நானும் ஒரு கீற்றுக் கொட்டகையில்தான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். செய்தி வந்ததும் கூரையை நிமிர்ந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு பள்ளிகளில் கீற்றை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இன்றைக்கும் காலையில் போனதும் என் முதல் வேலை ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு கதவுத் தாழ்ப்பாளையும் நானே இழுத்துப் பார்ப்பது. துருப்பிடித்த தாழ்ப்பாளுக்குத் தேங்காயெண்ணெய் விடுவேன். வேறு எதுவும் இன்று எழுத மனசு வரவில்லை.

6 ஆகஸ்ட் 2023

இன்னொரு நாள் எழுதுகிறேன் என்றேனே, அது இது.

2019 தொடக்கம், கஜா புயல் அடித்து மூன்று நான்கு மாதம் ஆகியிருந்தது. நான்காம் வகுப்பில் ஒரு பையன் பதினோரு மணி ஆனால் தூங்கிவிடுவான். பெஞ்சில் கன்னத்தை வைத்தால் எழுப்பவே முடியாது. எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டதாக நினைத்தேன். பசி மயக்கம், நான் அனுபவித்தது, எனக்குத் தெரியாதா. மறுநாளிலிருந்து நாலு இட்லி சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து, காலையில் அவனைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தேன். இரண்டு வாரம் சாப்பிட்டான். இரண்டு வாரமும் தூங்கினான்.

அப்புறம்தான் வீட்டுக்குப் போனேன். தென்னையெல்லாம் விழுந்து கிடந்தது. வீட்டுக்குக் கூரை கிடையாது, நிவாரணத்தில் வந்த தார்ப்பாயை ஒரு பக்கம் சுவரிலும் மறுபக்கம் ஒடிந்த தென்னை மரத்து அடியிலும் கட்டியிருந்தார்கள். அவனும் பாட்டியும் மட்டும். பாட்டி காட்டினார், தார்ப்பாயின் ஒரு முனைக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது, அதில் பிடித்துப் பிடித்து அழுக்கேறிய ஒரு முடிச்சு. ராத்திரி கொஞ்சம் காற்று எழும்பினால் பையன் எழுந்து உட்கார்ந்து அந்த முடிச்சைக் கையில் சுற்றிக்கொள்வானாம். "ஏம்ப்பா தூங்கலை" என்று கேட்டேன். "பாட்டி தூங்கணும்ல டீச்சர்" என்றான்.

"அப்ப இட்லி?" என்று கேட்டதற்கு, "நீங்க கொண்டுவந்தீங்களே, அதான் சாப்பிட்டேன்" என்றான். வீட்டில் கஞ்சி குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். எனக்காக இரண்டாம் தடவை சாப்பிட்டிருக்கிறான்.

முதல் நாளே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று கேட்காமல் விட்டேன். தார்ப்பாயை நாலு மூலையிலும் கட்டுவதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த இரண்டு பேருக்கு அரை மணி நேரம்தான் ஆனது. அடுத்த வாரம் பையன் வகுப்பில் விழித்திருந்தான், பேச்சு நிற்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இடம் மாற்றிக் கேட்டாள்.

7 ஆகஸ்ட் 2023

"பசி இல்லாத பையனுக்கு இட்லி கொடுத்ததில் தப்பு என்ன" என்று கேட்டவருக்கு: இட்லியில் தப்பில்லை. அந்த இரண்டு வாரம் அவன் ராத்திரியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

20 ஆகஸ்ட் 2023

கேள்வி கேட்ட தம்பிக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பள்ளிக்குப் போன வருடம் ஓர் இளம் ஆசிரியை வந்தார். நகரத்தில் வளர்ந்தவர், அப்பாவும் அம்மாவும் வங்கி வேலை. முதல் வாரம் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன், இவர் எத்தனை நாள் தாங்குவாரோ என்று.

அவருக்கு ஒன்றும் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் கேட்டார். "முடி கட்டுறதுன்னா என்ன?" என்று கேட்டதும் ஐந்தாம் வகுப்புப் பெண்கள் நாலு பேர் வெளியே ஓடிப்போய்ப் புல்லைப் பிடுங்கி வந்து, நாற்றை எப்படிப் பறிப்பது, வேரை எப்படிக் காலில் தட்டிச் சேறு போக்குவது, எப்படி ஒரே சுற்றில் கட்டுவது என்று காட்டினார்கள். ஒரு கட்டுக்கு எத்தனை முடி என்று இரண்டு பேருக்குள் சண்டை வந்துவிட்டது. அவர் அதை அப்படியே கரும்பலகையில் கணக்காகப் போட்டார். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, ஒரு மாவுக்கு இவ்வளவு கட்டு, அப்படியானால் அரை வேலிக்கு? கணக்கென்றால் தலையைக் குனிந்துகொள்கிற பெண் எழுந்து பதில் சொன்னாள். அவள் அம்மாவோடு வயலுக்குப் போகிறவள். வேலியும் மாவும் அவளுக்கு விரல் நுனியில் இருக்கிறது.

நான் வராண்டாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் நாற்றையும் முடியையும் வகுப்புக்குள் விட்டதில்லை. சேற்றிலிருந்து வெளியே கொண்டுபோகத்தானே பள்ளிக்கூடம் என்று நினைத்தேன். அம்மாவின் கைவேலையில் இவ்வளவு கணக்கு இருக்கிறது என்று அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. இப்போது அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனாலும் அன்று ராத்திரி உட்கார்ந்து சொன்னேன்.

26 ஆகஸ்ட் 2023

நேற்று திருக்குவளையில் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கினார்கள். எங்கள் பள்ளியிலும் நேற்றுத்தான் முதல் நாள். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. எட்டு மணிக்கே பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள், சூடாக இருந்ததால் ஊதி ஊதிச் சாப்பிட்டார்கள்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் தம்பியைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு, கதவோரம் நின்றாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டான், அக்காவைப் பார்த்தான், ஒரு கவளத்தை உருட்டித் தட்டின் ஓரத்தில் வைத்தான். மறுபடி இரண்டு வாய், மறுபடி ஓர் உருண்டை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

1982-இல் நானும் இதைச் செய்திருக்கிறேன். சோற்றை உருட்டிப் பாவாடை மடியில் வைத்து வீட்டிலிருந்த தம்பிக்குக் கொண்டுபோவேன். இங்கேயே சாப்பிட வேண்டும் என்பது விதி. பரிமாறின ஆயா என்னைக் கடக்கும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்திருக்கும்.

நேற்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அது போதாது. ஆறு முதல் எட்டு வரை எங்கள் பள்ளியில் நாற்பத்தொரு பேர், அதில் எத்தனை பேர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்பதை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி மேலே அனுப்பப் போகிறேன். இந்தத் தடவை கேட்ட பிறகுதான் முடிவு.

17 செப்டம்பர் 2023

ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தும் எங்கள் பக்கத்துக்குச் சரியாகத் தண்ணீர் வரவில்லை. குறுவை கண்ணெதிரே கருகுகிறது. வயலில் வேலை இல்லை என்றால் அடுத்த மாதம் திருப்பூர்தான். இந்த வாரம் மூன்று குடும்பம் டி.சி. கேட்டு வந்தது. இரண்டு குடும்பத்திடம் பேசிப் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுப்போக வைத்தேன். அது சரியா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. பள்ளி கிடைத்தது, அப்பா அம்மா தூரமாகிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பழைய மாணவன், பூம்பூம் மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை, பத்தாம் வகுப்புக்குப் பிறகு சாதிச் சான்றிதழுக்காக ஒரு வருடம் அலைந்தான். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் முதல் பெயரே அவர்கள் சமூகமான ஆதியன்தான். ஆனாலும், "நீங்கள் ஆதியன் என்று எப்படி நம்புவது" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மாட்டைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டவா என்று அவன் அப்பா கேட்டார். எனக்குச் சான்றிதழ் சுலபமாகக் கிடைத்தது, எழுந்து நிற்கத்தான் கூச்சப்பட்டேன். அவனுக்கு நின்று காட்டவே இடம் கொடுக்கவில்லை. அவன் பட்ட பாட்டில் எனக்கு அனுபவம் கிடையாது. அவனோடு நான்கு தடவை அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்ற பிறகு கொஞ்சம் தெரிந்தது.

14 அக்டோபர் 2023

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஜூன் 25 அன்று, எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்துவது கிடையாது என்று எழுதியிருந்தேன். அது பொய்யாகிவிட்டது.

வியாழக்கிழமை எமிஸ் என்கிற பள்ளி மாணவர் விவரப் பதிவில் பெற்றோர் விவரம் நிரப்ப வேண்டியிருந்தது, மாலைக்குள் முடிக்கச் சொல்லி மூன்று தடவை மெசேஜ். ஆறாம் வகுப்பு வாசலில் போனோடு நின்று, "அப்பா இல்லாதவங்க கை தூக்குங்க" என்று கேட்டுவிட்டேன். மூன்று கை எழுந்தது. நான்காவதாக, ஜன்னலோரம் ஒரு கை தோள் வரைக்கும் வந்தது, பிறகு அப்படியே மேலே போய்த் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

அந்தக் கை எனக்குத் தெரியும். பாவாடையைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்த அதே கை. வாசலில் நான் நின்றிருந்த இடமும் எனக்குத் தெரியும், அந்த ஆறாம் வகுப்பு ஆசிரியர் நின்ற இடம்.

தூக்கிய மூன்று பேரிடமும் தனித்தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒருத்தி, "பரவாயில்ல டீச்சர், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்றாள். நான்காவது பையனிடம் போகத் தைரியம் வரவில்லை.

21 அக்டோபர் 2023

போனேன். சத்துணவுக்குப் பிறகு தட்டுக் கழுவும் குழாயடியில் அவன் மட்டும் இருந்தான். அப்பா இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான் என்றுதான் நினைத்துப் போனேன், என் பழைய வெட்கம். "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டது தப்புப்பா" என்றேன்.

அவன் தட்டைத் தேய்த்துக்கொண்டே யோசித்தான். "இல்ல டீச்சர், எனக்குத் தெரியல, அதான்" என்றான். அப்பா திருப்பூர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. முதலில் போன் வந்தது, காசு வந்தது. இப்போது நம்பர் போவதில்லை. இருக்கிறார் என்று அம்மா சொல்கிறார், இல்லை என்று பாட்டி சொல்கிறார். கை தூக்கினால் அம்மா சொல்வது பொய்யாகிவிடும், தூக்காவிட்டால் பாட்டி சொல்வது பொய்யாகிவிடும். "இதுக்கு எந்தக் கையைத் தூக்கணும்?" என்று நிஜமாகவே என்னைக் கேட்டான்.

அந்தக் கை பாதியில் நின்றதை நான் பட்டபாடுதான் கண்டுபிடித்துக் கொடுத்தது, வேறு யார் வாசலில் நின்றிருந்தாலும் தலை சொறிகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அது ஏன் நின்றது என்று சொன்னதும் அதே அனுபவம்தான், அது தவறாகச் சொன்னது. முந்தின வாரம் பயந்து போகாமல் இருந்தேனே, அந்த ஒரு வாரமும் அவனை வேறு ஒரு பையனாக மனசில் வைத்துக்கொண்டுதான் அவனுக்கு அறிவியல் நடத்தினேன்.

25 டிசம்பர் 2023

காலையில் வெண்மணிக்குப் போய்வந்தேன், ஒவ்வொரு வருடமும் போவேன். 44 பெயர், பாதிக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட தகராறு. அடுத்த வருடம் கூலிச் சட்டம் வந்தது. அம்மாவுக்கு அப்போது பதினேழு வயது, வெண்மணிக்குச் சில மைல் தள்ளி ஒரு பண்ணையில் கூலி வேலை. அன்று ராத்திரி வானம் சிவந்திருந்ததைப் பார்த்ததாக ஒரே ஒரு தடவை சொன்னார், மறுநாளும் வேலைக்குப் போனாராம். வேறு எதுவும் இத்தனை வருடத்தில் சொன்னதில்லை. நானும் துருவிக் கேட்டதில்லை. கஷ்டத்தில் வளர்ந்தேன் என்று இங்கே இவ்வளவு எழுதுகிறேன், அம்மா பார்த்த ராத்திரி எனக்குத் தெரியாது. பின்னாடி பிறந்தவள்.

நாளை சுனாமி நாள். அரையாண்டு விடுமுறை என்றாலும் எங்கள் மீனவத் தெருப் பிள்ளைகள் நாலு பேர் மட்டும் பள்ளி வாசலுக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். 2004-இல் பிறக்காத பிள்ளைகள். அன்று வீட்டில் எல்லோரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், இவர்களுக்கு அங்கே இருக்கப் பிடிக்காது. சாவி என்னிடம் இருக்கிறது, போய்த் திறந்துவிடுவேன்.

12 ஜனவரி 2024

பட்டுக்கோட்டைத் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். இல்லம் தேடிக் கல்வி மையம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறாராம், சாயங்காலம் பதினெட்டுப் பிள்ளைகள். "முதல் நாள் என்ன பேசுவது" என்று கேட்கிறார்.

உங்கள் கதையை முதல் நாள் சொல்லாதீர்கள் தம்பி. நான் அந்தத் தவறை நிறையச் செய்தேன். நீங்கள் சொன்னதும் பிள்ளைகள் உங்கள் கதைக்கு ஏற்ற மாதிரி தங்கள் கதையை மாற்றிக்கொள்வார்கள், இட்லி சாப்பிட்ட பையன் மாதிரி. முதல் வாரம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் பத்து நிமிடம் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். ராத்திரி எங்கே படுக்கிறாய், காலையில் யார் எழுப்புவார்கள், இந்த இரண்டை மட்டும் தனியாக இருக்கும்போது கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள். அப்புறம், உங்கள் ஊருக்கு வந்த அந்த வசதியான வீட்டு ஆசிரியரிடமும் போய்ப் பேசுங்கள். நடவு நாளில் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று அவருக்குத் தெரியாது என்றீர்கள், அதை அவர் யாரிடமாவது கேட்டாரா?

இன்று பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள். எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு ஓடிய பிறகு அந்த ஆறாம் வகுப்புப் பையன் மட்டும் என் அறை வாசலில் நின்றான். "டீச்சர், அந்த போன்ல எனக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டான்.

"இன்னும் ஒண்ணும் போடலப்பா, காலியா விட்டிருக்கேன்" என்றேன்.

காட்டச் சொன்னான். காட்டினேன். அவன் பெயருக்கு நேரே இருந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கட்டும்" என்றான். திருப்பூர் பஸ்ஸெல்லாம் பொங்கலுக்கு நாளைக்கும் நாளன்றைக்கும் வரும், அம்மா ஸ்டாண்டுக்குப் போகப் போகிறார், அவனும் கூடப் போகிறான்.

அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லி இன்றைக்கும் இரண்டு மெசேஜ் வந்திருக்கிறது. விடுமுறை முடிந்து அவனிடம் கேட்டுக்கொள்கிறேன்.